உண்மையா என்பது இரண்டாவது கேள்வி

சமூக ஊடகப் பதிவுகளைப் படித்து, அவை வாசகரைத் தூண்டிவிட்டுத் தம் பக்கம் இழுக்கப் பார்க்கின்றனவா என்று குறிப்பெழுதுவது என் வேலை. பெரும்பாலும் மூன்று வரி, நான்கு வரிப் பதிவுகள்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே “இது உண்மையா பொய்யா?” என்று தேடப் போய்விடுவார்கள். தேடத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இதைப் படித்து முடித்த கையோடு நான் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பதிவு விரும்புகிறது?

நான் அன்றாடம் பார்க்கும் பதிவுகளின் சாயலில் ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்.

“இன்னொரு குழந்தையும் காணாமல் போய்விட்டது. எந்த சேனலும் இதைக் காட்டாது. உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தால் பகிராமல் கடந்து போக மாட்டீர்கள்.” கூடவே, சாலையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பின் படம்.

“இன்னொரு” என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். இதற்கு முன்பே பல குழந்தைகள் காணாமல் போய்விட்டதாக அந்த ஒரு சொல் நம்மை ஏற்றுக்கொள்ள வைத்துவிடுகிறது. எத்தனை பேர், எங்கே, எப்போது என்று எதுவும் இல்லை. உண்மையிலேயே பிள்ளையைத் தேடுகிறவர் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், தொலைபேசி எண் இவற்றைத்தான் முதலில் எழுதுவார். இங்கே சரிபார்க்கப் பிடித்துக்கொள்ள ஒரு நூல் முனைகூட இல்லை.

இரண்டாவது வரிதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நீங்கள் செய்தித் தளங்களில் தேடுகிறீர்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. சாதாரணமாக அது சந்தேகப்படக் காரணம். ஆனால் “எந்த சேனலும் காட்டாது” என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டதால், கிடைக்காததே ஆதாரமாகிவிடுகிறது. சரிபார்க்கும் வழியை அந்த வரி அடைத்துவிடுகிறது. மூன்றாவது வரி, பகிர்வதை உங்கள் பாசத்துக்கு ஒரு பரீட்சை ஆக்குகிறது. பகிராவிட்டால் நீங்கள் கல்நெஞ்சக்காரர். யாருக்குத்தான் மனம் வரும்?

அப்புறம் படம். தலைகீழ்ப் படத் தேடல் என்ற வசதியில் படத்தைக் கொடுத்தால், அது முன்பு எங்கெல்லாம் வந்தது என்று ஓரளவு தெரியும். படம் போலியாக இருக்க வேண்டும் என்று இல்லை. எத்தனையோ பதிவுகளில் படம் அசல்தான், பழையது அல்லது வேறு எங்கோ எடுத்தது. மேலே எழுதிய வாசகம்தான் புதிது.

எல்லாத் தகவலும் சரியாக இருக்கும் பதிவும் ஏமாற்றலாம். “இந்த மருந்தால் பாதிப்பு ஒரே ஆண்டில் இருமடங்கு!” என்று ஒரு பதிவு. லட்சத்தில் ஒருவராக இருந்தது லட்சத்தில் இருவர் ஆனாலும் அது இருமடங்குதான். கணக்கு சரி, ஆனால் அடிப்படை எண்ணை மறைத்துவிட்டார்கள். இது புதிய வித்தை அல்ல. 1937இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனம் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டது. பட்டப்பெயர் சூட்டுவது, “எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள், நீயும் வா” என்பது, தனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி அடுக்குவது எல்லாம் அதில் உண்டு. அன்று மேடைப் பேச்சிலும் துண்டறிக்கையிலும் இருந்தவை இன்று இரண்டு வரிக்குள் அடங்குகின்றன. பதிவு சின்னதாக இருப்பதே இதற்கு வசதி. “இடம் இல்லை, அதனால் விவரம் சொல்லவில்லை” என்று யாரும் எடுத்துக்கொள்வார்கள்.

உணர்ச்சியைக் கிளறும் பதிவு அதிகமாகப் பரவுகிறது என்பது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, துப்பாக்கிக் கட்டுப்பாடு, பருவநிலை மாற்றம் போன்ற விவாதங்களில் 5 லட்சத்துக்கும் அதிகமான ட்விட்டர் பதிவுகளை அலசியது. சரி தவறு என்ற தீர்ப்பும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பரவல் சுமார் 20 சதவீதம் கூடியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து, பொய்ச் செய்தி உண்மையைவிட வேகமாகவும் தூரமாகவும் போகிறது என்று காட்டினார்கள். மென்பொருள் இயக்கும் தானியங்கிக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் மாறவில்லை. பகிர்கிற கை நம்முடையதுதான்.

ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட முடியாது. வாக்கியத்தை அப்படியே எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார்ப்பது என் வழக்கம். ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழையோடு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும் பல கணக்குகளில் ஒரே நாளில் வந்திருந்தால், யாரோ எழுதிக் கொடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கிறது. அப்போதும் சந்தேகம்தான். பிடித்ததை வெட்டி ஒட்டுகிற பழக்கம் சாதாரண மக்களுக்கும் உண்டு.

இங்கேதான் நான் தவறியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஆச்சரியக்குறிகள் நிறைந்த ஒரு பதிவை “உணர்ச்சியைத் தூண்டும் சூழ்ச்சி” என்று குறித்தேன். ஒரு மருத்துவமனையின் அலட்சியத்தைப் பற்றி ஒரு பெண் எழுதியது. என்னோடு வேலை பார்க்கும் அக்கா அதைத் திரும்பப் படித்துவிட்டு, “தேதி இருக்கு, வார்டு எண் இருக்கு, யார்கிட்ட புகார் கொடுத்தாங்கன்னு இருக்கு. இவங்க கோபப்படாம வேற எப்படி எழுதுவாங்க?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடிபட்டவர் கத்தத்தான் செய்வார். அந்தக் குரலைச் சூழ்ச்சி என்று நான் முத்திரை குத்தினால், அவருக்கு இரண்டாவது அநியாயத்தைச் செய்தவன் நான்தான்.

அன்றிலிருந்து உணர்ச்சியின் அளவை வைத்து முடிவு செய்வதில்லை. அந்த உணர்ச்சிக்குப் பின்னால், நானே போய்ப் பார்த்துக்கொள்ள ஏதாவது விட்டுவைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். அந்தப் பெண் எல்லாக் கதவையும் திறந்து வைத்திருந்தார். செருப்புப் படம் போட்டவர் ஒவ்வொன்றாக மூடியிருந்தார். எந்தப் பக்கமும் சேராத பதிவு வந்தால், “தெரியவில்லை” என்று குறித்து அக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன். அவரும் சில சமயம் அதையே எழுதித் திருப்பி அனுப்புவார்.