இரண்டு சொல், ஒரே 'பார்க்'

மஸ்கெலியாவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "தரம் 4இல் படிக்கும் என் மகள் ஆங்கிலச் சொல்வதெழுதுதலில் பூங்காவை எழுதச் சொன்னால் நாய் குரைப்பதை எழுதுகிறாள். நாக்குத் தடித்த பிள்ளை, வசம்பு தேய்த்துவிடு என்கிறார்கள் லயத்துப் பெரியவர்கள். தேய்க்கலாமா?"

வேண்டாம் அம்மா. நாக்கில் குறையே இல்லை. park (பூங்கா), bark (குரைப்பு) என்ற அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் நானே தமிழில் எழுதிப் பார்க்கிறேன்: பார்க், பார்க். வேறுபாடு மறைந்துவிட்டது. 'பல்' என்பதில் ப ஒரு விதமாகவும் 'அம்பு' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. ஆனால் எந்த இடத்தில் எது வரும் என்பது தமிழில் ஏற்கெனவே முடிவானது. அதனால் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய காதுகளும் இப்படித்தான்: 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலியில் இருந்த அதிர்வை உதறிவிட்டுத்தான் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் 'பெரட்டு' பிறந்தது.

ஒரு டொபித் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடியுங்கள். மறுகை விரலைத் தொண்டையில் வையுங்கள். 'அம்பு' சொல்லும்போது உதடு மூடியிருக்கையிலேயே தொண்டை அதிர்கிறது. 'பல்' சொல்லும்போது உதடு திறந்த கையோடு அதிர்வு தொடங்குகிறது; தாள் அசைவது அரிது. லண்டன்காரர் ஒருவர் பூங்காவை ஆங்கிலத்தில் சொன்னாலோ, உதடு திறந்து புஸ்ஸென்று காற்று வந்து தாள் படபடத்த பிறகுதான் தொண்டை விழிக்கிறது. உதட்டுக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு ஒலியியல் ஆய்வாளர்கள் 11 மொழிகளில் அளந்து 1964இல் வெளியிட்டார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலப் பூங்காவின் முதல் ஒலிக்கு அது ஏறக்குறைய 60 மில்லிசெக்கன். 'பல்'லின் ப-வுக்கு அதில் கால்வாசியும் இல்லை. ஆங்கிலேயர் நாய் குரைப்பதைச் சொல்லும்போதும் பெரும்பாலும் அதே குறுகிய இடைவெளிதான். அவர்களுடைய குரைப்பு நம் காதில் பல்லின் ப-வாகவே வந்து விழுகிறது! கண் இமைப்பதற்குள் பறந்துபோகும் அந்த இடைவெளியில் ஒரு பிள்ளையின் புள்ளி போய்விடுகிறது. இதைப் படித்த நாள் முதல் என் வியப்பு அடங்கவில்லை.

பிறக்கும்போது காது இப்படி இருப்பதில்லை. ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகள் 6 முதல் 8 மாதங்களில் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதங்களானபோது மிகச் சிலவற்றால்தான் முடிந்தது. வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் காட்டியது இது. 'பட்டு', 'பத்து' இரண்டையும் உங்கள் மகள் தூக்கத்திலும் பிரித்தறிவாள். ஆங்கிலமே தாய்மொழியான பேராசிரியர் அங்கே தடுமாறுவார். அவரை யாரும் நாக்குத் தடித்தவர் என்பதில்லை.

வளர்ந்த பிறகும் காதைப் பழக்கலாம். ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைக் குழப்பிக்கொள்ளும் ஜப்பானியருக்குப் பிசோனி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990களின் தொடக்கத்தில் பயிற்சி கொடுத்தார்கள். பல குரல்களில் கேட்டுப் பழகியவர்கள் புதியவரின் பேச்சிலும் வேறுபாட்டைக் கண்டார்கள். ஒரே குரலில் பழகியவர்களுக்கு அது கைகூடவில்லை. ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் கேட்கும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மலையகப் பிள்ளைகளின் காதில் ஆங்கிலம் எப்படி விழுகிறது என்று அளக்க ஒரு மைக்கும், பேச்சொலியை அளக்க இலவசமாகக் கிடைக்கும் 'பிராட்' மென்பொருளும் உள்ள ஒரு கணினியும் போதும். பேராதனைப் பல்கலைக்கழகம் மலையகத்திலேயே இருக்கிறது. இதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். ஒரு கட்டடத் திறப்பு விழாவின் செலவே பல ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பது என் எண்ணம்.

அதுவரை, டீச்சர், கொழும்பில் வேலை செய்யும் மாமா, அக்கா என நாலைந்து பேரிடம் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பூங்காவைச் சொல்லும்போது தாள் படபடக்க வேண்டும். பூங்கா, நாய் இரண்டையும் படமாக வரைந்து மகள் முன் வையுங்கள். கேட்டதும் அவள் ஒன்றைத் தொடட்டும். சரியா தவறா என்பதை உடனே சொல்லிவிடுங்கள்.