உவர்நீர் ஊடுருவல்

கடல்நீர் ஆற்றுவாய் வழியே ஏறி நன்னீரோடு கலப்பதை இப்படிச் சொல்கிறோம். ‘உவர்’ உப்புத்தன்மை, ‘ஊடுருவு’ துளைத்து உட்செல்வது. ஆங்கில ‘இன்ட்ரூஷன்’ இலத்தீனில் ‘தள்ளு’ என்னும் வினையில் பிறந்தது. நிலத்தடி நீருக்கு ஊடுருவல் சரியே. ஆற்றிலோ உப்பு, ஓதம் (கடல்நீரின் ஏற்றவற்றம்) பெருகும்போது ஏறி வற்றும்போது இறங்குகிறது; ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்துக்கு ‘உவரேற்றம்’ என்பதே பொருந்தும் என்போம். கழிமுகத்தின் ‘கழி’ நெய்தல் பாடல்களில் வரும் அதே உப்பங்கழி. கழிமுகத்துக்கு மலாயில் கோலா.

பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. உப்பு மேலேறாதிருக்கவே அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் தடுப்பணை நிற்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. குடிநீரில் 250 தாண்டினால் நாவில் கரிக்கும். 100 லிட்டர் ஆற்றுநீரில் ஒன்றரை லிட்டர் கடல்நீர் சேர்ந்தாலே போதும், அந்த எல்லை கடந்துவிடும்.

பக்காவ் காடு, அதாவது கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு, உப்பைத் தடுக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். காடு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அப்படிச் சொல்லக்கூடாது. ஆற்றுவாய்க்கு அருகே இருந்தால் ஏறிவரும் ஓதத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் பரவி, வேர்களில் உராய்ந்து விசை இழக்கும். மேலே செல்லும் நீர் குறையும். மேற்பகுதியில் கரையை உடைத்துப் புதிதாகச் சதுப்பு உண்டாக்கினால் கதை மாறும். அதை நிரப்ப ஒவ்வோர் ஏற்றத்திலும் கூடுதல் கடல்நீர் ஆற்றுக்குள் வந்தாக வேண்டும், உப்பும் கூடவே வரும். இன்னொன்று: கிளை ஓடைகளில் தேங்கிய உவர்நீர், ஓதம் வற்றத் தொடங்கிய பிறகு தாமதமாக வெளிவந்து நன்னீரில் கலக்கும். இக்கலப்பும் உப்பை மேல்நோக்கிப் பரப்பும்.

இதற்காகக் காட்டை அழிக்கலாம் என்று பொருளில்லை. வாயருகே உள்ள சதுப்பை வரப்புக் கட்டி இறால் குளமாக்கினால், ஓதம் பரவ இடமில்லாமல் ஆற்றோடு நேரே மேலேறும். படகுக்காக ஆற்றைத் தோண்டினால் இன்னும் மோசம்: ஆழம் கூடும் அளவைவிட அதிகமாக உப்பேறும் தூரம் கூடும்.

அளக்கும்போது மேல்நீரை மொண்டு ஏமாறாதீர்கள். உப்புநீர் கனமானது, ஆப்பு போல அடியில் புகும். கோடையில், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் நேரத்தில் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை ஆற்றின் அடிவரை இறக்கி, மீட்டருக்கு மீட்டர் குறித்துக்கொள்ளுங்கள்.