கப்பலுக்குப் போன பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டிய கோப்பும்

வன்னியில் 'நேவி' என்ற சொல் காதில் விழுந்தால் மனம் வேறெங்கோ போய்விடும். முல்லைத்தீவுக் கரையில் அந்தச் சொல்லின் பாரம் தெரியாதவர் இல்லை. இங்கே பேசப்போவது சரக்குக் கப்பல்களிலும் எண்ணெய்க் கப்பல்களிலும் சம்பளத்துக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி. மேர்ச்சன்ட் நேவி என்பார்களே, அது.

"மகன் எந்தக் கப்பலில?" என்று கேட்டால் பல தாய்மாருக்குப் பெயர்கூடச் சரியாகத் தெரிவதில்லை. பெயர் தெரிந்தாலும் அது போதாது. கப்பல் கைமாறும்போது பெயரும் மாறும், கொடியும் மாறும். மாறாதது ஐஎம்ஓ எண், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரால் கப்பலுக்குக் கொடுக்கப்படும் அடையாள எண். ஏழு இலக்கம். உடைக்கப் போகும் நாள்வரை ஒரு கப்பலுக்கு ஒரே எண்தான். அதை ஒரு தாளில் எழுதிச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை. ஈக்குவாசிஸ் என்ற இணையத்தளத்தில் இலவசமாகப் பதிந்துகொண்டு அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளர் யார், எந்தெந்தத் துறைமுகத்தில் பரிசோதனையில் மாட்டியது என்பது வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதலே பார்க்க வேண்டியது இது.

அந்த எண்ணோடு ஒரு கோப்பு வேண்டும். கடவுச்சீட்டுப் பிரதி, சிடிசி எனப்படும் கடலோடிப் புத்தகத்தின் பிரதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தின் பிரதி, வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கம், கம்பனியின் 24 மணிநேர அவசர இலக்கம். பயணத்துக்கு முதல்நாள் போனில் படம் பிடித்து வைப்பது கோப்பு ஆகாது. போன் தண்ணீரில் விழும், உடையும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 2008, 2009 இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் பிறகு பிரதிகள் எடுத்தபோது, தகப்பன் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுவிட்டது. நெருங்கிய உறவினர் என்று கம்பனிப் படிவத்தில் போட்ட பெயருக்கும் வங்கிக் கணக்குப் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தால் சாதாரண நாளில் யாரும் கவனிக்க மாட்டார்கள். விபத்து நடந்து இழப்பீடு வரும் நாளில்தான் அது வந்து நிற்கும். பிள்ளை ஊரில் இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்குக் கேளுங்கள். காணி, வங்கி அலுவல்களைப் பெற்றோர் பார்ப்பதென்றால் அற்றோர்ணித் தத்துவமும் அப்போதே எழுதிப் பதிய வேண்டும். நடுக்கடலில் நொத்தாரிசு இல்லை.

தொலைபேசி இலக்கமும் இப்படித்தான். சலுகைக்காக சிம் மாற்றுவது இங்கே சர்வசாதாரணம். கம்பனியிடம் உள்ளது பழைய இலக்கமாக இருந்தால் அவசரத்தில் யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. இரண்டு இலக்கம் கொடுங்கள். ஒன்று, ஆங்கிலத்தில் பேசக்கூடிய, நெற்வேர்க் ஒழுங்காக உள்ள இடத்தில் இருக்கும் சொந்தக்காரருடையது.

இனிக் காசு. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பயிற்சி நிலையத்தில் கட்டணம் கட்டுவது முறையானது. வேலை எடுத்துத் தருவதற்கென்று கேட்பது முறையல்ல. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சாசனத்தின்படி, வேலைக்கு எடுக்கும்போது கடலோடி தன் கையால் செலவழிக்கக்கூடியவை மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவைதான். விசாச் செலவு கப்பல்காரருடையது. இலங்கை அந்தச் சாசனத்தை 2017இல் ஏற்றுக்கொண்டது. நகையை அடைவு வைத்து, மீற்றர் வட்டிக்கு எடுத்து லட்சக்கணக்கில் கொடுத்துப் போன பிள்ளை, கப்பல் எவ்வளவு மோசமானாலும் இறங்க மாட்டான். அந்தக் கடன்தான் அவனுக்குச் சங்கிலி. சுற்றுலா விசாவில் போய் அங்கே ஏறலாம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

சம்பளம் குறைந்தது மாதம் ஒருமுறை கணக்கோடு வர வேண்டும். ஒரு பங்கை நேரே வீட்டுக் கணக்குக்கு அனுப்பவும் ஒழுங்கு செய்யலாம். ஒரு மாதம் பிந்தினால் கேளுங்கள், இரண்டு மாதம் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். இரண்டு மாதச் சம்பளம் கொடாமல் விட்டுவிட்ட கப்பல்காரர் கடலோடிகளைக் கைவிட்டவராகக் கருதப்படலாம். அப்போது காப்புறுதி நான்கு மாதம் வரையான நிலுவைச் சம்பளத்தையும் ஊருக்கு வரும் செலவையும் ஏற்க வேண்டும். அந்தக் காப்புறுதிச் சான்றிதழ் கப்பலில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் மாட்டியிருக்கும்; அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முறையிட இடங்கள் கொழும்பில் வணிகக் கப்பற்றுறைச் செயலகம், ஐரிஎஃப் என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம், 24 மணிநேரமும் இலவசமாக இயங்கும் கடலோடிகளுக்கான உதவிச் சேவையான சீஃபேரர்ஹெல்ப் ஆகியவை.

அழைப்பு விஷயத்தில் வீட்டார் அதிகம் பிழை விடுவது நேரக் கணக்கில். கப்பல் மேற்கே போகப் போக மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பனாமாப் பக்கம் நிற்கும் பிள்ளைக்கு 12 தொடக்கம் 4 மணி வாட்ச், அதாவது முறைவேலை, என்றால், அவன் பிற்பகல் வேலை முடித்துக் கதவைத் திறக்கும்போது கிளிநொச்சியில் அதிகாலை 2.30. அவனுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு விதிக்கப்பட்டிருக்கிறது. அதை நம்முடைய வசதிக்கு உடைக்கக் கூடாது. குரல் பதிவு அனுப்பிவிட்டு விடுங்கள், எழும்பும்போது கேட்பான். "காசு எப்ப வரும்?" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். மாடு கன்று போட்டது, குளம் நிரம்பியது, வற்றாப்பளைப் பொங்கலுக்கு யார் யார் வந்தார்கள் என்பதுதான் அங்கே இனிக்கும். நித்திரை இல்லை, சாப்பாடு மனமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்பது கிழமைக்கணக்கில் நீண்டால், அது 'வீட்டு ஞாபகம்' மட்டுமல்ல.

கப்பலைப் படத்தில் பார்க்கும் செயலிகளால் பயப்பட வேண்டாம். கரையிலுள்ள கருவிகளுக்குச் சுமார் 40 கடல்மைலுக்கு அப்பால் சிக்னல் கிடைப்பது கஷ்டம். நடுச்சமுத்திரத்தில் புள்ளி நின்றுபோனால் கப்பல் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. 2024 மார்ச் 26இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பலில் 20 இந்தியரும் ஓர் இலங்கையரும் இருந்தார்கள். விசாரணைக்காக அவர்களுடைய போன்களும் எடுக்கப்பட்டன. போன் ஓய்ந்துபோக இப்படியும் காரணம் இருக்கலாம். கேட்க வேண்டியது முகநூலில் அல்ல, கம்பனியின் அவசர இலக்கத்தில்.

வீட்டில் சாவு நடந்தால் மறைக்காதீர்கள். ஊர்க்காரன் ஒருவன் வட்ஸ்அப்பில் போட்டுவிடுவான். முதலில் கம்பனிக்குச் சொல்லி, கப்டன் மூலம் பிள்ளைக்குத் தெரிவியுங்கள். தனியே அறையில் இருந்து திரையில் வாசிக்கக் கூடாத செய்தி அது. அடுத்த துறைமுகமும் மாற்றாளும் வேண்டும் என்பதால் செத்தவீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நடக்காது. மரணச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பை உடனே அனுப்பினால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்காவது வர வாய்ப்பு உண்டு.

பெட்டிக்குள் அரிஷ்டம் வைக்காதீர்கள், அதில் மதுசாரம் உண்டு, கப்பலில் சோதிப்பார்கள். கசகசாவும் வேண்டாம், வளைகுடாவில் சில நாடுகளில் அது தடை. மருந்தென்றால் மருத்துவரின் ஆங்கிலத் துண்டோடு, உறை பிரிக்காமல்.

ஒப்பந்தம் முடிந்து வந்த பிள்ளையை முதல் கிழமை உறங்க விடுங்கள். அவனுடைய உடம்பு இன்னும் கப்பல் நேரத்தில்தான் இருக்கும். மருத்துவச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் செல்லாது, பாதுகாப்புப் பயிற்சியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தத் திகதிகளைப் பார்த்துவிட்டு, சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய ஏழு இலக்கத்தை வெட்டி, புதிய கப்பலின் எண்ணைக் கீழே எழுதுங்கள்.