ரயில் போன மேட்டில் நடந்தால் ஏன் மூச்சு வாங்குவதில்லை?

கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்து போன காலம் ஒன்று உண்டு. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டருக்கு இரண்டரை அடி அகலத்தில் குறுகிய பாதை போட்டார்கள். அடுத்த ஆண்டே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று வந்தது. அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கத்து மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, மழை பொய்த்தாலும் தானியம் வந்து சேர வேண்டும் என்று போட்ட பாதைகள் இவை. 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டையும் மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரி நகரில் இன்று ரயில் நிலையமே கிடையாது.

ரயில் போனதை விட, அது ஓடிய நிலம் துண்டு துண்டாகிப் போனதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அது நல்ல நடைபாதை ஆகியிருக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது தடை மிகக் குறைவு. சமதரையில் ஒரு டன் எடையை நகர்த்த ஏறக்குறைய 2 கிலோ இழுவிசை போதும். ஆனால் 100 அடிக்கு 1 அடி என்று தரை உயர்ந்தால், ஏற்றத்துக்காக மட்டும் டன்னுக்கு இன்னும் 10 கிலோ சேர்ந்துகொள்ளும். மொத்தம் 12. கண்ணுக்கே தெரியாத ஏற்றம், இன்ஜினுக்கோ ஆறு மடங்கு வேலை! தார் ரோட்டில் ஓடும் லாரிக்கு ரப்பர் டயரே டன்னுக்கு 8 கிலோ போலத் தடை கொடுக்கும். அதனால் அதே ஏற்றத்தில் அதன் வேலை இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். போதாததற்கு, இரும்பின் மேல் இரும்புக்குப் பிடிப்பும் குறைவு. ஏற்றம் கூடினால் சக்கரம் வழுக்கும்.

இதைத் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே உள்ள தொப்பூரில் கண்ணால் பார்க்கலாம். நெடுஞ்சாலை கணவாயில் சரேலென்று இறங்குகிறது. ரயிலோ அதே மலையில் வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டு போகிறது. பழைய திருப்பத்தூர் பாதையும் அப்படித்தான். திருப்பத்தூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே உயர வித்தியாசம் ஏறத்தாழ 100 மீட்டர். அதை 40 கிலோமீட்டரில் பரப்பினால் சராசரியாக 400 அடிக்கு 1 அடிதான் ஏற்றம். பள்ளத்தை நிரப்பி, மேட்டை வெட்டி, ஓடைக்குப் பாலம் கட்டிப் பெற்ற சமன் அது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கே 12 அடிக்கு 1 அடி வரை அனுமதி உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். மூட்டு வலி உள்ள பாட்டியும், மூன்று சக்கர சைக்கிள் பழகும் பேரனும் ஒன்றாகப் போகக்கூடிய பாதையை இன்ஜினின் பலவீனமே நமக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

சரி, தண்டவாளத்தை எடுத்தால் நடைபாதை ஆகிவிடுமா? முதல் வேலை மண் பரிசோதனை. தண்டவாளத்தைத் தாங்கிய பழைய மரக் கட்டைகள் உளுத்துப் போகாமலிருக்க கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைப்பார்கள். அது மண்ணில் கசிந்திருக்கும். நிலக்கரிச் சாம்பல், மசகு எண்ணெய், சில நாடுகளில் களைக்கு அடித்த ஆர்சனிக் மருந்து எல்லாம் தங்கியிருக்கலாம். நச்சு அதிகமுள்ள மண்ணை அள்ளிவிட வேண்டும், அல்லது நல்ல மண்ணால் கனமாக மூட வேண்டும்.

ஜல்லி விஷயம் வேறு. கூரான கற்கள் ஒன்றோடொன்று பிணைந்து எடையைத் தாங்கும். இடுக்குகள் வழியே மழைநீர் வடியும். அப்படியே நடந்தால் கணுக்கால் பிசகும். ஆகவே அதை அடித்தளமாக வைத்து, மேலே பொடி ஜல்லி, அதற்கு மேல் கிரஷர் தூள் பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலரால் அழுத்துவார்கள். கிரஷருக்கும் கருங்கல்லுக்கும் கிருஷ்ணகிரியில் பஞ்சமில்லை. நடு சற்று உயர்ந்து, இரு பக்கமும் சாய்ந்திருக்க வேண்டும். பக்க வாய்க்கால்களைத் தூர்த்துவிட்டால் முதல் ஐப்பசி மழையே பாதையை அரித்துவிடும்.

நியூயார்க்கில் 1980-ல் கடைசிச் சரக்கு ரயில் போன ஓர் உயர்பாலத்தில், காற்றும் பறவைகளும் கொண்டுவந்த விதைகள் முளைத்துப் புல்வெளியாகவே ஆகிவிட்டது. 2009-ல் ஹை லைன் என்ற பூங்காவாகத் திறந்தபோது அந்தக் காட்டுத்தனத்தை ஒட்டியே செடிகளைத் தேர்ந்து நட்டார்கள். 2.3 கிலோமீட்டர்தான் நீளம். எனக்கு அதைவிட சிங்கப்பூர் பிடிக்கும். மலேசிய ரயில்வே ஓடிய சுமார் 24 கிலோமீட்டர் நிலம் 2011 ஜூலை 1 அன்று கைக்கு வந்தது. நல்ல விலை போகக்கூடிய அந்த நிலத்தை மனைகளாக நறுக்காமல் ஒரே கோடாக வைத்திருக்கிறார்கள்.

நறுக்காமல் வைப்பதுதான் இதில் கடினமான பகுதி. நடுவே 200 அடி ஒருவர் கைக்குப் போனால் போதும், இரு பக்கமும் முட்டுச் சந்து ஆகிவிடும். அமெரிக்காவில் 1983-ல் இதற்கென்றே சட்டம் திருத்தினார்கள். கைவிட இருக்கும் பாதையை நடைபாதையாகப் பயன்படுத்தலாம், பிற்காலத்தில் ரயில் வேண்டுமென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை நிலம் ஒரே துண்டாக இருக்கும்.

அந்த 'பிற்காலம்' நமக்கு வந்தே விட்டது. மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதைக்கு 2019-ல் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 36 கிலோமீட்டர் பாதை. ஒரு காலத்தில் ரயில் ஓடிய இரண்டு ஊர்களுக்கு இடையே மறுபடி நிலம் எடுக்க வேண்டியதாயிற்று.

கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்பதைக் கிராமத்துப் புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்துதான் பார்க்க வேண்டும். வயலுக்கு நடுவே காரணமில்லாமல் நீளும் கரை, ஓடையில் தனியாக நிற்கும் கல் தூண், ஒரே அகலத்தில் ஓடும் புறம்போக்கு. இப்படி எது தென்பட்டாலும், சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு அதைத் துண்டாக்காமல் வைக்கச் சொல்லித் தாலுகா அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.