ஆலோசனை நிறுவனத்தில் அறிவு எங்கே இருக்கிறது?

இயந்திரம் இல்லை, கிடங்கு இல்லை, செலவில் பெரும்பங்கு சம்பளம், அலுவலகம் நிறையப் பட்டதாரிகள். இதை வைத்தே கன்சல்டன்சி நிறுவனங்களை ‘அறிவுச் செறிவு மிக்கவை’ என்று சொல்லிவிடுகிறோம். அவ்வளவு போதாது. மேலாண்மை ஆய்வாளர் வில்லியம் ஸ்டார்பக் 1992-லேயே சொன்னதுபோல, எல்லோரிடமும் கிடைக்கும் அறிவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அரிய நிபுணத்துவம் மேலோங்கியிருக்க வேண்டும்.

அதனால் ஆலோசகரை அமர்த்தும்போது நிறுவனத்தை மொத்தமாக எடை போடாமல், கையில் உள்ள வேலையை எடை போடுங்கள். ஆலோசனைத் தொழிலைப் பற்றி எழுதிய டேவிட் மைஸ்டர் ஆலோசனை வேலைகளை மூளை, நரை, நடைமுறை என்று மூன்றாகப் பிரித்தார். முன்மாதிரியே இல்லாத சிக்கல் மூளை வகை. பல இடங்களில் பார்த்துப் பழகிய சிக்கலை உங்கள் இடத்துக்கு ஏற்பத் தீர்ப்பது நரை. ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்றிதழுக்கான ஆவணங்களைத் தயாரிப்பது பெரும்பாலும் நடைமுறை. ஒரே நிறுவனம் மூன்றையும் செய்யலாம், தவறில்லை. நடைமுறை வேலைக்கு மூளைக் கட்டணம் கேட்கும்போதுதான் உஷாராக வேண்டும்.

அடுத்து, வேலைக்கு வரப்போவது யார்? 100 ஆள்-நாள் (ஓர் ஆளின் ஒரு நாள் வேலை ஓர் ஆள்-நாள்) திட்டத்தில் நிறுவனப் பங்காளியான பார்ட்னர் 5, மேலாளர் 25, புதியவர்கள் 70 நாள் என்றால் நடைமுறை வேலைக்கு அது பொருந்தும். மூளை வேலைக்குப் பொருந்தாது. பேச்சுவார்த்தைக்கு மூத்தவர் வருவார், வேலைக்குப் புதியவர் வருவார். இதைத் தடுக்க, ஆட்களின் பெயரையும் ஒவ்வொருவரின் நாள் கணக்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்; ஆளை மாற்ற உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றும் சேருங்கள்.

டெண்டர் மதிப்பெண்ணிலும் இதே சிக்கல் உண்டு. தரம்-விலை 70:30 என்று வையுங்கள். ‘அ’ நிறுவனம்: தரம் 90, கட்டணம் 40 லட்சம். ‘ஆ’: தரம் 75, கட்டணம் 28 லட்சம். குறைந்த விலைக்கு 100 மதிப்பெண் என்றால் ‘அ’வுக்கு விலையில் 70 (28-ஐ 40-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால்). மொத்தம் ‘அ’ 84, ‘ஆ’ 82.5. அதையே 50:50 ஆக்கினால் ‘ஆ’ 87.5, ‘அ’ 80. ஆனால் விகிதத்தைவிட அந்த 90 எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். நிறுவனத்தின் வருவாய்க்கும் பழைய திட்டங்களின் எண்ணிக்கைக்கும் அள்ளிக்கொடுத்து, வரப்போகும் குழுவுக்குக் கொஞ்சமே ஒதுக்கியிருந்தால், நீங்கள் அளந்தது பெயரை, அறிவை அல்ல.

அறிவு தங்குமிடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சில இடங்களில் கோப்புகளில், சில இடங்களில் ஆட்களிடம். கோப்பை நம்பும் நிறுவனம் வேகமாக முடிக்கும். வேறு தொழிலுக்கு எழுதிய டெம்ப்ளேட் உங்கள் அறிக்கைக்குள் நுழையும் ஆபத்தும் அங்கேதான். ஆட்களை நம்பும் நிறுவனத்திடம் ஒரே கேள்வி: இந்த இருவர் விலகினால் வேலையை யார் தொடர்வார்?

இன்னொன்று, அறிக்கையில் வரும் நல்ல யோசனைகளில் பல உங்கள் மேற்பார்வையாளர்கள் சொன்னவையாகவே இருக்கும். அவற்றைத் திரட்டி, வரிசைப்படுத்தி, நிர்வாகத்தைக் கேட்கவைப்பதும் மதிப்புள்ள வேலைதான். விலையை மட்டும் அதற்குத் தக்கபடி பேசுங்கள்.

சுவீடன் ஆய்வாளர் மாட்ஸ் அல்வெஸன் காட்டியதுபோல, இத்தகைய வேலையின் தரத்தை முடிந்த பிறகும் அளப்பது கடினம். அந்த இடைவெளியைத் தோற்றமும் பேச்சும் நிரப்பிவிடுகின்றன. எனவே தொடங்கும் முன்பே இன்றைய நிலையை எண்ணில் குறித்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: சரக்கு இருப்பு எத்தனை நாள், கழிவு எத்தனை சதவீதம், ஆர்டர் முதல் டெலிவரி வரை எத்தனை நாள். இல்லாவிட்டால் சீசனில் தானாக வந்த ஏற்றமும் ஆலோசனையின் கணக்கில் ஏறிவிடும்.

கடைசித் தவணையில் 20 சதவீதத்தை நிறுத்தி வையுங்கள். ஆலோசகர் கணக்குப் போட்ட எக்செல் கோப்பு ஃபார்முலாக்களோடு வர வேண்டும். வெறும் எண்களாக ஒட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் ஊழியர் இருவர் அடுத்த மாதத் தரவைப் போட்டு, ஆலோசகர் உதவியின்றித் தாங்களே அதை ஓட்டிக் காட்டிய பிறகு பணத்தை விடுங்கள்.