பல் இம்பிளான்ட்டில் முதலில் துண்டு போடுவது யார்?

பல் இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் முடுக்கப்படும் ஒரு டைட்டானியம் திருகு. தடிமன் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். எலும்பு அதை இறுகப் பற்றிய பிறகு மேலே செயற்கைப் பல்லைப் பொருத்துவார்கள். இந்தப் பற்றுதலைக் கண்டறிந்தவர் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனேமார்க். 1950களில் முயலின் காலெலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் குப்பி ஒன்றைப் பதித்திருந்தார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால், எலும்போடு ஒன்றிப்போய் வர மறுத்தது. 1965இல் மனித வாயில் தன் முதல் டைட்டானியம் இம்பிளான்ட்டைப் பொருத்தினார்.

எலும்பு சரி, ஈறுதான் சிக்கல். இயல்பான பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள்ளேயே புகுந்து பிடித்திருக்கும். இம்பிளான்ட்டைச் சுற்றி அவை வெறுமனே பக்கத்தில் ஓடுகின்றன. அந்த இடுக்கு வழியாக பாக்டீரியா கீழே இறங்கினால் முதலில் ஈறு வீங்கும், அப்புறம் எலும்பு கரையும்.

அமெரிக்க மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா 1987இல் இதை மேற்பரப்புக்கான பந்தயம் என்றார். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போலத்தான்: உடலின் செல்கள் முந்திக்கொண்டால் பாக்டீரியாவுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஆனால் பாக்டீரியா மகா வேகம். உலோகத்தில் எச்சில் பட்ட சில நிமிடங்களில் அதன் புரதங்கள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதன்மேல் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவை வர, எல்லாம் சேர்ந்து பிசினைச் சுரந்து உயிரிப்படலமாகிவிடும். அதற்குள் போனவற்றை ஆன்டிபயாடிக்கால் கொல்வது மிகக் கடினம்.

இதில் ஒரு விவகாரம் உண்டு. எலும்பு செல்கள் சொரசொரப்பான பரப்பில் நன்றாகப் பிடிக்கும் என்பதால் திருகை வேண்டுமென்றே அமிலத்தாலும் துகள் வீச்சாலும் சொரசொரப்பாக்குகிறார்கள். பாக்டீரியாவுக்கும் அதே சொரசொரப்புதான் பிடிக்கும்.

அதனால்தான் பாக்டீரியாவைத் தடுக்கத் திருகின் மேல் பூச்சுகள். வெள்ளி பழைய ஆயுதம். அதன் அயனிகள் பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கும்; கந்தகம் உள்ள புரதங்களைப் பிடித்து முடக்கும். ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் எலும்பு செல்லும் சேர்ந்து செத்துப்போகும். ஆன்டிபயாடிக் பூசினால் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே கசிந்து தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் சொற்ப மருந்து, எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகளுக்கு வழிவிடலாம். கசிவைத் தாமதப்படுத்த, ஃபுளோரைடு கலந்த கரைசலில் மின்சாரம் செலுத்தி, டைட்டானியத்தின் மேலேயே நானோ குழாய்களை வளர்த்து அதற்குள் மருந்தை நிரப்பிப் பார்க்கிறார்கள்.

மருந்தே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. சில்வண்டின் இறக்கையில் சுமார் 200 நானோமீட்டர் உயர முனைகள் நெருக்கமாக நிற்கின்றன. அதில் உட்காரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் உறை முனைகளுக்கு இடையே இழுபட்டுக் கிழிந்துவிடுகிறது என்று 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேட்க அழகு. ஆனால் உறை தடித்த பாக்டீரியாவிடம் அந்த இறக்கை அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தடித்த உறைக்காரன்! போதாக்குறைக்கு எச்சில் படலமும் செத்த பாக்டீரியாவின் குப்பையும் முனைகளை மூடிவிடும்.

ஆய்வகத் தட்டில் பளிச்சென்று வேலை செய்யும் பூச்சுக்கு வாயில் வேறு சோதனையும் காத்திருக்கிறது. திருகைவிடச் சற்றுக் குறுகலாகத் துளையிட்டுத்தான் எலும்பில் முடுக்குவார்கள். அந்த உராய்வில் பூச்சு உரியக் கூடாது.

எலும்பைக் கரைக்கும் அழற்சி பல வருடங்கள் கழித்தும் வரும். முதல் சில வாரங்களில் தீர்ந்துபோகும் மருந்து அதற்கு உதவாது. அதனால் என் ஓட்டு, ஈறைத் தொடும் கழுத்துப் பகுதியில் நீடித்து நிற்கும் பூச்சுக்குத்தான். பொன்னிற டைட்டானியம் நைட்ரைடு பூசிய கழுத்துகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன. அது எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. கெட்டியாக, கீறல் விழாமல் இருக்கிறது. வெறும் டைட்டானியத்தைவிட அதில் பாக்டீரியா குறைவாக ஒட்டுவதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன.