போன இடத்துக் கொசு, வந்த இடத்துக் காய்ச்சல்

பண்டிகை விடுமுறை முடிந்த வாரங்களில் காய்ச்சலோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “ரெண்டு வாரத்துக்குள்ள எங்கெங்க போனீங்க?” என்பதுதான். “எங்கியும் போகலீங்க டாக்டர்” என்பார்கள். பேச்சுக் கொடுத்தால் பெங்களூரில் மகள் வீட்டில் தங்கியது வெளியே வரும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூர் வெளியூர்க் கணக்கிலேயே வராது! ஆனால் டெங்கு கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் ஊர் திரும்பியிருப்போம்.

வந்தவரோடு வைரஸும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. காய்ச்சலின் முதல் சில நாட்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு (டெங்குவைப் பரப்பும் கொசு இதுதான்), ஒன்றிரண்டு வாரத்தில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரப்பத் தயாராகிவிடும். அதனால்தான் காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கச் சொல்கிறேன். இந்தக் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகம். பயணத்திலும் ராத்திரிக்கு மட்டும் கொசுவர்த்தி ஏற்றினால் போதாது. முழுக்கைச் சட்டை போடுங்கள், கை கால்களில் கொசு விரட்டி களிம்பு தடவுங்கள்.

பூட்டிவிட்டுப் போகும் வீட்டையும் மறக்கக் கூடாது. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்த டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, வாசலில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல் எல்லாம் ஏடிஸுக்கு வசதியான இடங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் விளிம்பை ஒட்டி, கரும்புள்ளிகளாக முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் தாங்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிந்துவிடும். நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.

சரி, காய்ச்சல் வந்துவிட்டது. பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். ரத்தத்தில் டெங்கு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் என்எஸ்1 பரிசோதனையை முதல் ஐந்து நாளுக்குள் செய்துவிடுவது நல்லது. பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காத குடும்பமே இல்லை. அதைவிட, எத்தனை தம்ளர் கஞ்சி, ஓ.ஆர்.எஸ். குடித்தார், எத்தனை தடவை சிறுநீர் போனார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்கியதும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே அப்போதுதான். அடுத்த ஓரிரு நாள் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, சிறுநீர் குறைவு இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.